வேலூர்க் கோட்டையில் வளர்ந்த குழந்தைகள்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வர். பாலாற்றங்கரையில் அமைந்த இவ்வூர்களைத் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் இன்று உலகம் அறிகிறது. 2019-ஆம் ஆண்டு வரை இவை நான்கும் வேலூர் என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இப்போது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆட்சிப் பிரிவு மாறினும் நிலத்தின் வரலாறு ஒன்றே. அவ்வரலாற்றின் நடுவில், அகழி சூழ நிற்கிறது வேலூர்க் கோட்டை.

கோட்டை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவோர் யார்? மன்னர்கள், தளபதிகள், கலகம் செய்த வீரர்கள். பாடநூல்களிலும் அவர்களே நிறைந்திருக்கின்றனர். ஆனால் அந்த மதில்களுக்குள் குழந்தைகளும் இருந்தனர். போரையும் கொலையையும் சிறையையும் கண்டு அவர்கள் வளர்ந்தனர். பெரியவர்கள் மூட்டிய தீயில் இக்குழந்தைகள் என்ன ஆயினர்? பின்னாளில் அவர்கள் வாழ்வு எவ்வாறு அமைந்தது? மாணவ நண்பர்களே, இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது இதுவே.

முதலில் இந்நிலம் ஏன் அடிக்கடி போர்க்களம் ஆயிற்று என்பதை அறிதல் நலம். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கீழே கருநாடகச் சமவெளிக்கு இறங்கி வரும் படைக்குப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு இயற்கை வகுத்த வழி. கடற்கரையிலிருந்து மேற்கே ஏறும் படைக்கும் அதுவே வழி. ஆகவே இவ்வழியைக் காக்கும் கோட்டைகளை யார் வைத்திருப்பது என்பதில் ஓயாத போட்டி இருந்தது. 1749-ஆம் ஆண்டு ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருத்தீன் உயிர் துறந்தார். 1767-ஆம் ஆண்டின் இறுதியில் ஐதர் அலியின் படை ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டது. 1780-ஆம் ஆண்டு தொடங்கிய போரில் வேலூர் நெடுநாள் முற்றுகையில் தவித்தது. இத்தகைய நாட்டில் பிறந்த குழந்தை பீரங்கி ஒலியைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தது என்றால் அது மிகையாகாது.

நம் வரலாற்றின் முதற் குழந்தை விசயநகர அரச குடும்பத்துச் சிறுவன். தலைக்கோட்டைப் போருக்குப் பின்னர் விசயநகரத்தார் தெற்கே பெயர்ந்து, பெனுகொண்டாவிலும் சந்திரகிரியிலும் பின்பு வேலூரிலும் தங்கி ஆண்டனர். வேங்கடபதி தேவராயர் 1614-ஆம் ஆண்டு காலமானார். இறக்கும் முன்பு தம் உடன்பிறந்தார் மகனாகிய சீரங்கனுக்கு அரசுரிமை அளித்தார். இது பிடிக்காத ஜக்கராயன் என்னும் தலைவன் வேறொரு சிறுவனை அரியணையில் ஏற்ற விரும்பி, சீரங்கனையும் அவன் குடும்பத்தையும் வேலூரிற் சிறை வைத்தான். பின்பு அரசனும் அரசியும் மக்களும் ஒருசேர மாண்டனர்.

ஆனால் ஒரு மகன் மட்டும் தப்பினான். அவன் பெயர் இராமதேவன். வயது ஏறக்குறைய பன்னிரண்டு. அவன் தப்பிய செய்தியை அக்காலத்தில் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் பர்ராடாஸ் 1616-ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில் காண்கிறோம். அரச குடும்பத்துக்குத் துணை நின்றவன் யாசம நாயக்கன் என்னும் தலைவன். அவன் ஏற்பாட்டின்படி, அரண்மனைக்குத் துணி வெளுக்கும் ஒருவர் அழுக்குத் துணி மூட்டைக்குள் சிறுவனை மறைத்து வெளியே கொண்டு வந்தார். காவலர் கையில் அகப்பட்டிருந்தால் அவர் தலை போயிருக்கும். அவருடைய பெயரை வரலாறு நமக்குச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு பேரரசின் வழித்தோன்றலைத் தோளில் சுமந்து காத்தவர் அந்த எளிய மனிதரே.

இதன்பின் உள்நாட்டுப் போர் மூண்டது. கல்லணைக்கு அருகில் தோப்பூரில் நடந்த பெரும் போரில் ஜக்கராயன் வீழ்ந்தான். தஞ்சை இரகுநாத நாயக்கரும் யாசமனும் துணை நிற்க, இராமதேவன் 1617-ஆம் ஆண்டு பட்டம் பெற்றான். அப்பொழுது அவனுக்கு வயது பதினைந்து அளவில் இருக்கும். சண்டை அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஜக்கராயனின் தம்பி தொடர்ந்து போரிட்டான். முடிவில் அவன் மகளை இராமதேவன் மணந்துகொண்டதால் பகை தணிந்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். தன் தாய் தந்தையரைக் கொன்ற குடும்பத்தில் பெண் கொள்வது எளிய செயலா? அரசியல் காரணம் இருந்தது உண்மை. ஆயினும் பழிக்குப் பழி என்னும் சுழலிலிருந்து வெளியேறும் வழியை, அதில் எல்லாவற்றையும் இழந்த இளைஞனே தேர்ந்துகொண்டான். அவன் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். முப்பது வயதளவில், 1632-இல், காலமானான்.

இரண்டாவது குழந்தைக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. ஆர்க்காட்டு நவாபு சப்தர் அலி 1742-ஆம் ஆண்டு வேலூரில் தங்கியிருந்தபோது, கோட்டைத் தலைவனும் உறவினனுமாகிய முர்தசா அலியின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். நாட்டில் அமைதி இல்லை என்பதை உணர்ந்த சப்தர் அலி, மனைவியையும் இளம் மகனையும் முன்னரே சென்னைப்பட்டினத்திற் பாதுகாப்பாக வைத்திருந்தான். அங்கே இருந்தவரை அச்சிறுவனுக்குத் தீங்கில்லை. ஆனால் 1743-இல் நிசாம் ஆர்க்காட்டுக்கு வந்து, அச்சிறுவனையே நவாபாக அறிவித்தார். பாதுகாப்பான இடத்திலிருந்த குழந்தை பதவியின் பெயரால் பகையின் நடுவே கொண்டு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, ஆர்க்காட்டில் நடந்த ஒரு திருமண விழாவில், சம்பளப் பாக்கி கேட்டுச் சினந்திருந்த பட்டாணிய வீரர்கள் அச்சிறுவனைக் குத்திக் கொன்றனர். அவன் வளர்ந்து எத்தகைய மனிதன் ஆகியிருப்பான் என்று கேட்பதற்கே இடமில்லாமற் போயிற்று. போரில் சிக்கும் குழந்தைகளின் பின்வாழ்வைப் பேசும்போது, பின்வாழ்வே வாய்க்காத குழந்தைகளையும் மறத்தல் கூடாது.

இனி நாம் காணப் போவது திப்பு சுல்தானின் மக்கள் வரலாறு. இது மற்ற வரலாறுகளைவிட விரிவாகத் தெரிந்த ஒன்று. ஆகையால் சற்று நிதானித்துப் பார்ப்போம்.

1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயருக்கும் அவர்தம் நட்பு நாட்டாருக்கும் திப்பு பணிந்து உடன்படிக்கை செய்தார். பாதி நாடும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணம் முழுவதும் வந்து சேரும்வரை இரு புதல்வர்களைப் பணயமாக ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. அவ்வாறு சென்றவர்கள் அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் இருவர். மூத்தவனுக்கு ஏறக்குறைய பத்து வயது, இளையவனுக்கு எட்டு. வெண்ணிற மெல்லாடை உடுத்து, முத்துமாலை அணிந்து, யானைமீது ஏறி, அவர்கள் ஆங்கிலப் பாசறையை அடைந்தனர். பீரங்கிகள் இருபத்தொரு குண்டு முழங்கி வரவேற்றன. கார்ன்வாலிசு பிரபு இருவரையும் தழுவிக் கைப்பற்றி அழைத்துச் சென்று, ஆளுக்கொரு பொற்கடிகாரம் பரிசளித்தார். இக்காட்சியை ஆங்கில ஓவியர் பலர் பெரிய படங்களாகத் தீட்டினர். கருணையுள்ள தந்தைபோல் கார்ன்வாலிசு அப்படங்களிற் காட்சி தருகிறார்.

படம் பார்த்தவர் மனம் நெகிழ்ந்திருக்கலாம். ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குழந்தைகளுக்கு உணவுக்குக் குறையில்லை, உடைக்குக் குறையில்லை, மரியாதைக்கும் குறையில்லை. எனினும் தந்தையின் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட பொருள் தாங்களே என்பதை எட்டு வயதுச் சிறுவனும் உணர்ந்திருப்பான் அல்லவா? இரண்டாண்டு கழித்து, 1794-இல், அவர்கள் தந்தையிடம் திரும்பினர். ஐந்தே ஆண்டுகளில், 1799 மே 4-ஆம் நாள், சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார்.

அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆண்மக்கள் மட்டும் பன்னிருவர். கோட்டைக்குள் அவர்கள் தங்கிய மாளிகைகள் இன்றும் ஐதர் மகால், திப்பு மகால் என்னும் பெயர்களுடன் நிற்கின்றன. கும்பினியார் உதவித்தொகை கொடுத்தனர், பணியாட்களுக்கும் குறைவில்லை. ஆனால் செய்வதற்கென்று ஒரு தொழில் இல்லை. செல்வதற்கென்று ஓர் இடமில்லை. எதிர்நோக்குவதற்கென்று ஒரு நாளும் இல்லை. கைவிலங்கு பூட்டாத சிறை என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

ஏழாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1805-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. அதில் தோலாலான குஞ்சம் ஒன்று இருந்தது. நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடியைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் ஆணைகள் பிறந்தன. தங்கள் சமயத்துக்கும் குல வழக்கத்துக்கும் இழுக்கு நேர்வதாக இந்து, முசுலிம் வீரர் இருசாராரும் கொதித்தனர். 1806 சூலை 9-ஆம் நாள் கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம் நடந்தது. மறுநாள் விடியுமுன் கலகம் வெடித்தது. பதினான்கு ஆங்கில அதிகாரிகளும், 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட வீரரும் மாண்டனர். புலிக்கோடு பொறித்த மைசூர்க் கொடி மதிலின்மேல் ஏறியது. சில மணி நேரத்தில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுப்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். அதன்பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டனர்.

அன்று கோட்டையிலிருந்த குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம், மணவீட்டு மகிழ்ச்சியில் உறங்கச் சென்று துப்பாக்கி ஒலியில் விழித்த திப்புவின் இளம் பிள்ளைகள். மற்றொரு புறம், கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட்டின் சின்னஞ்சிறு மக்கள். அவர்தம் தாய், கணவர் கொல்லப்பட்ட அந்த வேளையில், குழந்தைகளுடன் கோழிகளை அடைத்து வைக்கும் சிறு கொட்டிலில் ஒளிந்து உயிர் தப்பினாள். அந்நிகழ்ச்சிகளை அவளே பின்னர் எழுதி வைத்தாள். இவ்விருவகைக் குழந்தைகளையும் பற்றியேனும் ஏட்டில் ஒரு வரி உண்டு. மாண்ட சிப்பாய்களின் குழந்தைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்று மாலை தந்தை வீடு திரும்பாத குடிசைகள் எத்தனையோ! அந்தப் பிள்ளைகள் வளர்ந்த விதத்தை யாரும் குறித்து வைக்கவில்லை.

கலகத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு இரண்டு காரணங்களைக் கூறிற்று. ஒன்று புதிய உடை விதிகள். மற்றொன்று திப்புவின் குடும்பத்தார் வேலூரில் இருந்தமை. இளவரசர்கள்மீது, சிறப்பாக முயிசுத்தீன்மீது, ஐயம் விழுந்தது. எட்டு வயதில் யானைமீது அமர்ந்து பணயமாகச் சென்ற அதே சிறுவன்தான் அவன். ஆண்மக்கள் அனைவரும் கலகத்துக்குப்பின் தொலைவிலுள்ள கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பணயமாகச் சென்ற உடன்பிறந்தார் இருவரும் நாற்பது வயதை எட்டாமலே மறைந்தனர் என்று அக்குடும்பத்தின் வழிமுறைக் குறிப்புகள் காட்டுகின்றன. அக்காலத்தில் இள வயதில் இறப்பது அரிதன்று. ஆகவே மனத்துயரே அவர்களை மாய்த்தது என்று நாம் துணிந்து கூறுதல் தகாது. ஆனால் அவர்தம் வாழ்வில் பிறர் கையில் பொருளாக இராத காலம் மிகச் சிறிது என்பது மட்டும் வெளிப்படை.

அதே குடும்பத்தில், அதே கோட்டையில் வளர்ந்த மற்றொரு மகனின் வரலாறு வேறு வகையாக அமைந்தது. அவர் பெயர் குலாம் முகம்மது. 1795-இல் பிறந்தவர். தந்தை இறந்தபோது வயது நான்கு. வேலூர்க் கலகத்தின்போது பதினொன்று. கல்கத்தாவில் வளர்ந்த இவர் கல்வியிலும் அறச்செயலிலும் மனத்தைச் செலுத்தினார். 1842-இல் கல்கத்தாவின் நடுவே இவர் கட்டிய பள்ளிவாசல் திப்பு சுல்தான் பள்ளிவாசல் என்னும் பெயருடன் இன்றும் தொழுகைக்குரிய இடமாக விளங்குகிறது. தம் பாட்டனார் ஐதரையும் தந்தையார் திப்புவையும் பற்றி வெளிவந்திருந்த வரலாற்று நூல் ஒன்றைத் திருத்தி 1855-இல் வெளியிட்டார். இங்கிலாந்துக்கும் சென்று வந்தார். தம் சொத்தை அறக்கட்டளையாக விட்டு, 1872-இல், எழுபத்தேழு வயதில் காலமானார்.

இவர் மனத்தில் வடு இல்லை என்று யார் சொல்ல முடியும்? தந்தையைக் கொன்றவர் தரும் உதவித்தொகையில் வாழ்வது எளிதன்று. ஆனால் இவருக்குச் செய்வதற்கு ஒன்று இருந்தது. கட்டுவதற்கு ஒன்று இருந்தது. தந்தையின் பெயரைப் பழியாகச் சுமக்காமல், பள்ளிவாசலாகவும் நூலாகவும் உலகத்தார்முன் நிறுத்தும் வாய்ப்பைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அண்ணன்மாருக்குக் கிடைக்காத இளமையும் காலமும் இவருக்குக் கிடைத்தன என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

திப்புவின் மக்கள் போன பத்தாண்டுக்குள் அதே கோட்டைக்கு மற்றோர் அரச குடும்பம் கைதியாக வந்து சேர்ந்தது. இலங்கையில் கண்டியின் இறுதி மன்னராகிய சீ விக்கிரம இராசசிங்கர் நாயக்கர் மரபினர். கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1814-இல் தம் அமைச்சர் எஹெலபொல பகைவனாக மாறியபோது, அவர் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் கண்டி நகரிற் கொல்லச் செய்தவர் இம்மன்னர். அஞ்சி நின்ற அண்ணனுக்கு முன்னே வந்து, தானே முதலிற் சாவை ஏற்ற எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் மத்தும பண்டாரனின் கதை இலங்கையில் இன்றும் கண்ணீருடன் பேசப்படுகிறது. அடுத்த ஆண்டே மன்னர் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1816-இல் குடும்பத்தோடு வேலூர் வந்தார். 1832 சனவரி 30-ஆம் நாள் வேலூரிலேயே உயிர் நீத்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் நிற்கிறது.

கோட்டைச் சிறையில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். நாட்டைக் காணாமலே, நாடு என்று ஒன்று இருந்ததைப் பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்த அப்பிள்ளை இளமையிலேயே மறைந்தான். பிறர் பிள்ளைகளைத் தந்தையின் குற்றத்துக்காகத் தண்டித்த மன்னரின் பிள்ளை, தன் தந்தையின் வீழ்ச்சிக்காகச் சிறையிற் பிறக்க நேர்ந்தது. இதனை ஊழ் என்று சொல்லி அமைதல் எளிது. ஆனால் நாம் காண வேண்டிய உண்மை வேறு. இரண்டு இடத்திலும் குழந்தை செய்த குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் தீர்ப்பளித்தவர் பெரியவர்களே.

மாணவ நண்பர்களே, இத்தனை கதைகளையும் ஒன்று சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது என்ன? நான்கைந்து பேர் வரலாற்றைக் கொண்டு மனித மனத்துக்கு விதி வகுத்துவிட முடியாது. ஆகவே அண்மைக் காலத்து அறிஞர் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டுகள் விழுந்தபோது, அன்னா பிராய்டு, டாரதி பர்லிங்காம் என்னும் இரு பெண்மணிகள் குழந்தைகளுக்கென விடுதிகள் நடத்தினர். தாயோடு இருந்த குழந்தைகள் குண்டு வீச்சையும் ஓரளவு தாங்கிக்கொண்டன. பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்து அனுப்பப்பட்ட குழந்தைகளோ பிரிவினாலேயே மிகுதியாக வாடின. இதைக் கண்ட அவர்கள் விடுதிக் குழந்தைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வளர்ப்புத் தாயை அமர்த்தினர். குழந்தைகள் மீண்டும் தெளிந்தன.

அவாய்த் தீவுகளில் ஒன்றாகிய கவாயியில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளின் வாழ்வை எம்மி வெர்னர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு முதலிய இன்னல்கள் பல சூழ்ந்த குழந்தைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திறமும் அன்பும் உடைய மனிதராக வளர்ந்திருந்தனர். பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, நம்பி நாடுவதற்கு ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தமை ஒரு முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிறுவர்கள் கையில் ஆயுதம் திணிக்கப்பட்டது. போருக்குப்பின் அவர்களைத் தொடர்ந்து கண்ட அறிஞர்கள், ஊரார் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் நலம் பெற்றதையும், ஊரார் ஒதுக்கி இழித்த பிள்ளைகள் மேலும் நலிந்ததையும் கண்டனர்.

வடு உண்டு என்பதையும் அறிவியல் மறைக்கவில்லை. போர் சூழ்ந்த நாடுகளில் வாழ்வோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துவதாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. உறக்கமின்மை, திடுக்கிடல், எவரையும் நம்பாமை, காரணமில்லாச் சினம் ஆகியவை குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடாமல் வளர்ந்த பின்னும் தொடரக்கூடும். ஆகவே எல்லாம் காலப்போக்கில் ஆறிவிடும் என்று வாளாவிருப்பதும் தவறு. போரிற் சிக்கிய பிள்ளை தேறவே தேறாது என்று கைவிடுவதும் தவறு.

பழைய கதைகள் இக்காலத்து ஆராய்ச்சியோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன, பாருங்கள். இராமதேவனுக்குத் துணி வெளுப்பவரின் தோளும், யாசமனின் துணையும் இருந்தன. குலாம் முகம்மதுவுக்குக் கல்வியும் செய்பணியும் வாய்த்தன. முயிசுத்தீனுக்கோ பிறப்பே குற்றமாயிற்று. அவன் எங்கே சென்றாலும் ஐயம் உடன் சென்றது. ஒருவர் துணை, ஒரு கல்வி அல்லது தொழில், ஊராரின் ஏற்பு ஆகிய இம்மூன்றும் கிடைத்த குழந்தை வடுவோடு வளர்ந்தாலும் வாழ்வோடு வளர்கிறது. உணவும் உடையும் மட்டும் கிடைத்துப் பிற எல்லாம் மறுக்கப்பட்ட குழந்தை மாளிகையில் இருந்தாலும் சிறையில் இருக்கிறது.

இதே வேலூர் இவ்வுண்மையை மருத்துவத்திலும் கைக்கொண்டது. 1957-ஆம் ஆண்டு, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் பாகாயத்தில் மனநல நிலையம் ஒன்றைத் தொடங்கினர். மனநோயாளரைத் தனியே அடைத்து வைக்கும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், குடும்பத்தார் உடனிருந்தே மருத்துவம் பெறும் முறையை அந்நிலையம் கடைப்பிடித்தது. புண்பட்ட மனத்துக்கு உறவின் அருகாமையே மருந்தின் ஒரு பகுதி என்பதை அம்முறை நமக்கு உணர்த்துகிறது.

இந்த வரலாறு பழங்கதையாக முடிந்துவிட்டதா? இல்லை. 1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த போரினால் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தமிழ்நாடு முழுவதும் முகாம்களிற் குடியேறின. 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும் அத்தகைய முகாம் உண்டு. அகதி முகாம் என்னும் பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று அழைக்க வேண்டும் எனத் தமிழ்நாட்டு அரசு 2021-இல் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், முகாம்களில் வாழ்வோருக்குப் புதிய வீடுகள் கட்டும் திட்டம் மேல்மொணவூரிலேயே தொடங்கப்பட்டது. ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஏற்றுக்கொள்ளுதல் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

கண்டி மன்னரின் மகன் வேலூரிற் பிறந்து தன் நாட்டைக் காணாமல் மறைந்தான். அவனைப் போலவே தாய் தந்தையரின் ஊரைக் கண்ணாற் காணாத பிள்ளைகள், அவன் பிறந்த கோட்டையிலிருந்து சில கல் தொலைவில் பிறந்து வளர்ந்திருக்கின்றனர். அவர்கள் நம் பள்ளிகளில் படிக்கின்றனர். நம் கல்லூரிகளில் படிக்கின்றனர். அரசர் பிள்ளைக்கு அன்று கிடைக்காதவற்றை இந்த எளியோர் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடியும்.

வேலூருக்குச் செல்லும்போது கோட்டையைக் காணுங்கள். அகழியையும் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தையும் கண்டு வியப்புறுங்கள். அதன்பின் சிறிது நேரம் திப்பு மகாலின் எதிரே நில்லுங்கள். அங்கே பொற்கடிகாரம் வைத்திருந்தும் நேரத்தைக் கழிக்க வழியறியாத ஓர் இளைஞன் இருந்தான் என்பதை நினையுங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் வகுப்பில் தனியே அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இருப்பானாயின், அவன் அருகிற் சென்று அமருங்கள். மூட்டையில் வைத்து இராமதேவனைக் காத்த அந்தப் பெயர் அறியா மனிதர் செய்ததும் இத்தகைய துணையே. அவரைப்போல் உயிரைப் பணயம் வைக்கும் நிலை நமக்கு இல்லை. சற்று நகர்ந்து இடம் கொடுத்தாலே போதும்.